இலவச உழைப்பும் வியாபார விலையும்

பலர் கூடி ஊதியமின்றி உழைத்து உலகத்தாருக்குப் பொதுவாக வைத்த ஒரு பொருளை எடுத்து, ஒரு கம்பெனி தன் பெயரைப் பொறித்து விலைக்கு விற்குமானால், அது நியாயமாகுமா? விற்பது நியாயமாயின், என்ன விலைக்கு விற்பது நியாயம்? கணினித் தொழிலில் இக்கேள்வி சென்ற நாற்பது ஆண்டுகளாக எழுந்துகொண்டேயிருக்கிறது. இது நிபுணர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரமென்று பொதுஜனங்கள் ஒதுங்கியிருத்தல் தகாது. இன்று பாங்கியில் பணம் போடுவதும், ரயிலுக்குச் சீட்டு வாங்குவதும், பட்டா நகல் பெறுவதும் மென்பொருளின் வழியே நடைபெறுகின்றன. அம்மென்பொருள்களுள் பெரும்பாலானவை, முகமறியாத தொண்டர்கள் எழுதி வைத்த திறமூல நிரல்களை அஸ்திவாரமாகக் கொண்டவை. அஸ்திவாரம் இலவசமாகக் கிடைத்தது. மேலே எழுப்பிய மாடிக்கு வாடகை வாங்கப்படுகிறது. அந்த வாடகை எவ்வளவு இருக்கலாம், அதில் அஸ்திவாரம் போட்டவனுக்குப் பங்கு உண்டா என்பவை குடிமக்கள் யாவரும் ஆராயத்தக்க விஷயங்களாகும்.

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. பொதுச் சொத்தைக் காசாக்குவது திருட்டுக்கு ஒப்பானது என்பது ஒரு கட்சி. கொடுத்தவன் நிபந்தனையின்றிக் கொடுத்துவிட்டான். எடுத்தவன் என்ன விலை வைத்தாலும் கேட்பாரில்லை என்பது மற்றொரு கட்சி. இவ்விரண்டும் பிழையுடையன என்பதே நமது அபிப்பிராயம்.

இலவசம் வேறு, விடுதலை வேறு

முதற்கட்சியாருக்கு முதலில் விடை கூறுவோம். அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், 1983-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் 'குனு' என்னும் திட்டத்தைப் பகிரங்கமாக அறிவித்தார். கணினியை இயக்குவதற்கு வேண்டிய நிரல்கள் யாவற்றையும் எவரும் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ளனவாக எழுதி முடிப்பதே அத்திட்டத்தின் நோக்கம். அதன்பொருட்டு 1984-ல் உத்தியோகத்தை விட்ட அவர், ஜீவனத்துக்கு என்ன செய்தார்? தாம் எழுதிய 'ஈமாக்ஸ்' என்னும் நிரலை 1985-ல் நாடாவில் பதிந்து, நாடா ஒன்றுக்கு 150 டாலர் வீதம் விற்றார். அதே நிரலை இணைய வசதியுள்ளோர் காசின்றி எடுத்துக்கொள்ளவும் இடமிருந்தது. ஆகவே, இவ்வியக்கத்தின் மூல புருஷரே விற்பனையைப் பாவமாகக் கருதவில்லை.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்னும் ஒரே சொல் காசில்லாததையும் கட்டில்லாததையும் குறிப்பதால், அந்நாட்டாருக்கு இதில் ஓயாத மயக்கம் இருந்து வருகிறது. நமக்கு அத்தொல்லையில்லை. இலவசம் என்றும் விடுதலை என்றும் நம் மொழியில் வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன. ஸ்டால்மன் கோரியது விடுதலையையே. அவர் வகுத்து 1989-ல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டு உரிமம் விலைக்கு வரம்பு கட்டவில்லை. நிரலைப் பெறுபவனுக்கு மூல நிரலும் கிடைக்கவேண்டும். தனக்குக் கிடைத்த உரிமைகளையே அவனும் பிறருக்கு அளிக்கவேண்டும் என்பதே அதன் நிபந்தனை.

பின்லாந்து தேசத்து மாணவர் லீனஸ் டோர்வால்ட்ஸின் அனுபவமும் இதையே உறுதிப்படுத்துகிறது. அவர் 1991-ல் வெளியிட்ட லினக்ஸ் நிரலின் முதல் உரிமத்தில், எவரும் பணம் பெற்று இதை வழங்கலாகாது என்ற விதி இருந்தது. பிரதியெடுத்துக் கொடுப்பவனுக்குத் தட்டின் விலைகூட வரக்கூடாதென்றால், கைப்பொருளைச் செலவழித்து அதைப் பரப்புவார் யார்? 1992-ம் ஆண்டின் தொடக்கத்தில் டோர்வால்ட்ஸ் அவ்விதியை நீக்கி, ஸ்டால்மனின் உரிமத்தையே ஏற்றுக்கொண்டார். அதன்பின் லினக்ஸ் உலகமெங்கும் பரவிய வரலாறு யாவரும் அறிந்ததே. விலையைத் தடுத்திருந்தால் தொண்டும் சுருங்கியிருக்கும்.

கடல் நீர் பொது. ஆனால் பாத்தி கட்டி, வெயிலில் நின்று உப்பு வாரியவன் கூலி கேட்டதை எவரும் குறை கூறியதில்லை. 1930-ம் ஆண்டில் தண்டியிலும் வேதாரண்யத்திலும் நம் தேசம் எதிர்த்தது அந்தக் கூலியையன்று. கடலுக்கு வேலியிட்டு வாங்கிய வரியையே எதிர்த்தது. மென்பொருள் விலையிலும் கூலி எது, வேலிக்கு வாங்கும் வரி எது என்று பிரித்தறிய வேண்டும்.

ரெட் ஹேட் கம்பெனியின் வியாபாரம்

இதற்குச் சிறந்த உதாரணம் அமெரிக்காவின் ரெட் ஹேட் கம்பெனியாகும். பொதுவில் கிடைக்கும் லினக்ஸையும் அதனோடு சேர்ந்த ஆயிரக்கணக்கான நிரல்களையும் தொகுத்து, சோதித்து, பெரிய ஸ்தாபனங்களுக்கு அளிப்பதே அதன் தொழில். 1999-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அதன் பங்குகள் 14 டாலர் விலையில் சந்தைக்கு வந்தன; முதல் நாள் முடிவிலேயே 50 டாலரைக் கடந்தன. இலவச நிரலை எழுதிய தொண்டர்கள் பலருக்கு ஆரம்ப விலையில் பங்கு வாங்கும் வாய்ப்பை அக்கம்பெனி அளித்தது பாராட்டத்தக்கதே. தரகு விதிகளின் காரணமாகச் சிலருக்கு அது கைகூடாமற் போயிற்று. 2012-ம் நிதியாண்டில் கம்பெனியின் வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டியது. 2019-ம் ஆண்டு ஜூலையில் ஐ.பி.எம். கம்பெனி அதைச் சுமார் 3,400 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது.

இலவசமாகக் கிடைக்கும் பொருளுக்கு எவன் இவ்வளவு கொடுப்பான் என்று நேயர்கள் வியக்கலாம். ரெட் ஹேட் நிரலுக்கு விலை வைப்பதில்லை, சந்தா வாங்குகிறது. ஒரு பாங்கி தன் கணக்குகளை நடத்தும் கணினிகளுக்குச் சந்தா செலுத்தினால், அந்தப் பதிப்பு பத்தாண்டுக் காலம் பராமரிக்கப்படும். புதிய குறைபாடு எங்கே கண்டுபிடிக்கப்பட்டாலும், பழைய பதிப்பின் நடையை மாற்றாமலே திருத்தம் செய்து அனுப்பப்படும். நள்ளிரவில் யந்திரம் நின்றால் பதில் சொல்ல ஆள் இருக்கும். இவ்வேலைகளுக்குச் சம்பளம் பெறும் பொறியாளர்கள் வேண்டும். லினக்ஸின் மூல வளர்ச்சிக்கு மிகுதியாக உழைப்பளிக்கும் கம்பெனிகளில் ரெட் ஹேட்டும் ஒன்று என்பதை அதன் விரோதிகளும் மறுப்பதில்லை. இவ்விலை பெரும்பாலும் கூலி என்றே நாம் கொள்கிறோம்.

இங்கே கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. நிரல் பொதுவாயிருக்கும் வரையில் அக்கம்பெனி மனம்போனபடி விலையை உயர்த்த முடியாது. மூல நிரலை எடுத்து வேறொருவர் அதே பொருளைச் செய்யலாமல்லவா? 2004-ம் ஆண்டு முதல் 'சென்ட் ஓ.எஸ்.' என்னும் பெயரில் தொண்டர்கள் அதையே செய்தார்கள். ரெட் ஹேட்டின் மூல நிரலைக் கொண்டு ஏறத்தாழ அதே பொருளை உண்டாக்கி, காசின்றி வழங்கினார்கள். 2006-ல் ஆரக்கிள் கம்பெனி அவ்வாறே செய்து, குறைந்த சந்தாவுக்குச் சேவை அளிக்க முன்வந்தது. பணம் இல்லாத பள்ளிக்கூடம் சென்ட் ஓ.எஸ். வைத்துக்கொண்டது, பொறுப்பேற்க ஆள் வேண்டிய பாங்கி சந்தா கட்டியது. வாங்குபவனுக்கு விலகிப் போகும் சுதந்திரம் இருந்தமையால், சர்க்கார் உத்தரவு எதுவுமில்லாமலே விலை ஒரு கட்டுக்குள் நின்றது. திறமூலத்தில் விலைக்கு வரம்பு கட்டுவது இந்தச் சுதந்திரமே.

வாக்குறுதியும் வேலியும்

2014-ல் சென்ட் ஓ.எஸ். திட்டத்தை ரெட் ஹேட் தன் அரவணைப்பில் எடுத்துக்கொண்டது. 2019-ல் வெளிவந்த அதன் 8-ம் பதிப்பு 2029 வரையில் பராமரிக்கப்படும் என்று குறிக்கப்பட்டிருந்தது. அதை நம்பி எத்தனையோ ஸ்தாபனங்கள் அதை அமைத்துக்கொண்டன. 2020-ம் ஆண்டு டிசம்பரில், அப்பதிப்பு 2021-ம் ஆண்டு முடிவோடு நின்றுவிடும் என்ற அறிவிப்பு வந்தது. இதனால் மனம் வெதும்பியவர்கள் 'ராக்கி லினக்ஸ்', 'அல்மா லினக்ஸ்' என்னும் புதிய திட்டங்களைத் தோற்றுவித்தார்கள். 2023-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் ரெட் ஹேட் மேலும் ஓர் அடி சென்றது. விற்பனைப் பதிப்பின் மூல நிரலை இனிப் பொதுவில் வெளியிடாமல், சந்தாதாரருக்கு மட்டுமே அளிப்பதென்று தீர்மானித்தது. அச்சந்தாதாரருக்கு அதைப் பிறருக்கு வழங்கும் உரிமை உரிமத்தின்படி உண்டு. ஆனால் அவ்வுரிமையைச் செலுத்துகிறவரின் சந்தாவை முறித்துவிடக் கம்பெனியின் ஒப்பந்தத்தில் இடமிருப்பதாக விமர்சகர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள்.

கம்பெனியின் சமாதானத்தையும் கேட்போம். நாங்கள் சம்பளம் கொடுத்துச் சோதித்துத் திருத்தியதை, ஒரு துரும்பையும் சேர்க்காமல் அப்படியே பிரதியெடுத்து விற்பவர்களுக்கு நாங்கள் ஏன் துணை செய்யவேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. பெரும் பணம் படைத்த கம்பெனி ஒன்று மற்றொன்றின் உழைப்பைப் பிரதியெடுத்துக் குறைந்த விலைக்குப் போட்டியிடுவதை நாம் தொண்டென்று புகழப்போவதில்லை. ஆயினும் ரெட் ஹேட்டும் பிறர் உழைப்பின்மேல் நின்றே வளர்ந்தது. டோர்வால்ட்ஸும் ஸ்டால்மனும் ஆயிரமாயிரம் பேர்களும் தம் நிரலைக் கொடுத்தபோது, நீ என்ன சேர்த்தாய் என்று அதைக் கேட்டார்களில்லை. அளித்த தவணையை நடுவில் சுருக்கியதும், உரிமையைச் செலுத்தினால் உறவு முறியும் என்ற அச்சத்தை உண்டாக்கியதும் நேரிய வழியாக நமக்குத் தோன்றவில்லை. உரிமத்தின் எழுத்துக்கு இவை முரணாகாமலிருக்கலாம். விலகிப் போகும் வழியைக் குறுக்கிய அளவுக்கு அதன் விலையில் கூலியின் பங்கு குறைந்து, வேலிவரியின் பங்கு ஏறுகிறது என்பதே நமது குறை.

எடுப்பவர் பலர், கொடுப்பவர் சிலர்

இனி இரண்டாம் கட்சியாரின் வாதத்தைப் பார்ப்போம். எடுத்தவனுக்கு எக்கடமையும் இல்லையென்ற கொள்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2014-ம் ஆண்டு உலகம் கண்டது. இணையத்தில் கடவுச்சொல்லும் பணவிவரமும் பிறர் கண்ணில் படாமல் செல்வதற்குப் பயன்படும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்னும் நிரலில், 'ஹார்ட்பிளீட்' என்ற பெரிய பிழை அவ்வாண்டு ஏப்ரலில் வெளிப்பட்டது. அப்பிழை 2012 மார்ச்சில் வெளியான பதிப்பிலிருந்தே இரண்டாண்டுக் காலம் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. உலகப் பாங்கிகளும் கோடீசுவரக் கம்பெனிகளும் நம்பியிருந்த அந்நிரலுக்கு ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த நன்கொடை எவ்வளவு? சுமார் 2,000 டாலர்! முழுநேரமும் அதில் உழைத்தவர் ஒரே ஒருவர். விபத்து நேர்ந்த பின்னரே கூகிள், மைக்ரோசாஃப்ட், அமேசான், ஐ.பி.எம். முதலிய கம்பெனிகள் கூடி, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வீதம் மூன்றாண்டுகளுக்கு அளிக்க உடன்பட்டன.

அதன் பிறகேனும் புத்தி வந்ததா? ஸ்வீடன் தேசத்து டேனியல் ஸ்டென்பெர்க் 1998 முதல் 'கர்ல்' என்னும் நிரலைப் பராமரித்து வருகிறார். கணினிகளிலும் கைப்பேசிகளிலும் கார்களிலும்கூட அது வேலை செய்கிறது. 2022-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு பெருங்கம்பெனியிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. வேறொரு நிரலில் கண்ட பழுதைப் பற்றிய பல கேள்விகளை அடுக்கி, 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டுமென்று அதில் உத்தரவிடப்பட்டிருந்தது. அக்கம்பெனி அவருக்கு ஒரு காசும் கொடுத்ததில்லை. சேவை ஒப்பந்தம் செய்துகொண்டால் மகிழ்ச்சியோடு பதிலளிக்கிறேன் என்று அவர் அடக்கமாக எழுதினார். ஊதியம் கொடாமல் வேலை வாங்குவோர் கெடு வைத்து வேலை வாங்கவும் துணிகிறார்கள் என்றால், அவர்கள் இலவசத்தை எவ்விதம் பொருள் கொண்டிருக்கிறார்கள் என்பது விளங்கும்.

2024-ம் ஆண்டு மார்ச்சில் நிகழ்ந்தது இன்னும் பயங்கரமானது. 'எக்ஸ் இசட்' என்னும் சுருக்க நிரலை ஏறக்குறையத் தனியொருவர் ஊதியமின்றிக் காத்து வந்தார். உதவிக்கு வருவதாகப் புனைபெயரில் வந்த ஒருவன், இரண்டாண்டுகளுக்கு மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, நிரலுக்குள் இரகசிய வாயில் ஒன்றை அமைத்துவிட்டான். ஆண்ட்ரெஸ் ஃப்ராயுண்ட் என்னும் பொறியாளர், தம் கணினி அரை வினாடி தாமதிப்பதைக் கண்டு துருவியதால் உலகம் தப்பியது. காவற்காரனுக்குக் கூலி கொடாத ஊரில் கள்ளனே காவலுக்கு வந்து சேர்ந்த கதை இது.

பூட்டுப் போடுவது பரிகாரமாகுமா?

இவ்வநீதியைக் கண்டு சில கம்பெனிகள் தம் நிரலுக்கே பூட்டுப் போட்டன. 'எலாஸ்டிக் சர்ச்' என்னும் தேடல் நிரலை உண்டாக்கிய கம்பெனி, 2015 முதல் அமேசான் அதையே தன் சேவையாக விற்று வருவதைக் கண்டு பொறாது, 2021-ல் உரிமத்தை மாற்றியது. அமேசான் என்ன செய்தது? பழைய உரிமத்தில் இருந்த பதிப்பை எடுத்து, 'ஓப்பன் சர்ச்' என்ற பெயரில் அதே ஆண்டில் தனியே வளர்க்கத் தொடங்கியது. 2024-ல் எலாஸ்டிக் கம்பெனி திறமூல உரிமம் ஒன்றை மீண்டும் சேர்த்துக்கொண்டது. பூட்டினால் பெரிய முதலாளி தடைப்படவில்லை. சிறிய உபயோகஸ்தர்களே இரண்டு பட்டார்கள்.

நியாய விலை எது?

மேற்கூறியவற்றிலிருந்து விளங்குவது யாதெனில், போட்டியும் சுதந்திரமும் சேர்ந்து விற்பவனுடைய விலையை அவனுடைய கூலியளவுக்குக் கட்டுப்படுத்தக் கூடும்; ஆனால் அஸ்திவாரம் போட்டவனுக்குச் சேரவேண்டியதை அவை தாமாகக் கொண்டுவந்து கொடுப்பதில்லை. போட்டி மிகுந்தால் அவனுக்குரிய பங்கே முதலில் வெட்டுண்ணும். ஆகவே அப்பங்கை விலையிலேயே ஒரு கடமையாகச் சேர்த்தல் வேண்டும்.

நம் நாட்டு ஏரிப் பாசனத்தில் குடிமராமத்து என்றொரு முறை உண்டு. ஏரித் தண்ணீர் எவனுக்கும் விற்கப்படவில்லை. ஆனால் அத்தண்ணீரால் பயன்பெறும் குடிகள் தத்தம் நிலத்தின் அளவுக்கேற்ப ஆள் அனுப்பி, வரத்துக்கால் தூரெடுத்து, கரைக்கு மண் போடவேண்டும். இதைத் தர்மமாக நினைத்துச் செய்பவர்களும் உண்டு. தவறினால் நமக்கே தண்ணீரில்லை என்று அறிந்து செய்பவர்களும் உண்டு. திறமூலத்துக்கும் இதுவே தக்க நியாயம். அதிகம் பாய்ச்சுகிறவன் அதிகம் மண் போடட்டும்.

அவ்வாறாயின், நியாய விலையில் அடங்க வேண்டியவை இரண்டு. தொகுத்தல், சோதித்தல், திருத்தல், பொறுப்பேற்றல் ஆகிய தன் உழைப்புக்கு விற்பவன் பெறும் கூலி ஒன்று. ஆதாரமான நிரல்களைப் பராமரிப்பவர்களுக்கு ஒழுங்காகச் செல்லும் பங்கு மற்றொன்று. விலையில் சேரக்கூடாதது, வாங்கியவன் தன் விவரங்களை எடுத்துக்கொண்டு வேறிடம் செல்லவொட்டாமல் தடுத்து வாங்கும் பணம். எதை எங்கிருந்து எடுத்தோம் என்று மறைத்து, எல்லாம் தன் கைவேலையே என்று காட்டி வாங்கும் பணமும் அத்தகையதே.

பங்கை எப்படி அளப்பது என்று ஆக்ஷேபிப்பார்கள். அளவுகோல் இல்லாமலில்லை. 2024-ம் ஆண்டு அக்டோபரில் சில கம்பெனிகள் சேர்ந்து செய்துகொண்ட 'ஓப்பன் சோர்ஸ் பிளெட்ஜ்' என்னும் உறுதிமொழியில், தம்மிடமுள்ள நிரலாளர் ஒருவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2,000 டாலர் வீதம் மூலத்தொண்டர்களுக்கு அளிப்பதென்று ஏற்பாடு. முன்னர் ஓப்பன் எஸ்.எஸ்.எல். முழுமைக்கும் ஆண்டு நன்கொடையாக வந்த தொகை ஏறத்தாழ இதுவே என்பதை நினைத்தால் இரண்டுக்கும் உள்ள தூரம் தெரியும். இவ்வாறு கொடுத்தால் விலை ஏறிவிடுமே என்பார்க்கு நாம் கூறுவது: சிறிது ஏறலாம், ஹார்ட்பிளீட் போன்ற ஒரு விபத்தின் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் அது அற்பமே.

சர்க்காரின் கடமை, நமது கடமை

ஜெர்மன் சர்க்கார் 2022-ம் ஆண்டில் இதற்கென்றே ஒரு நிதியை ஏற்படுத்தி, கர்ல் முதலிய அடிப்படை நிரல்களுக்கு உதவி வருகிறது. 2023-ல் 'க்னோம்' திட்டத்துக்கு மட்டும் 10 லட்சம் யூரோ அளித்தது. நம் தேசத்தில் பெங்களூரைச் சேர்ந்த ஜெரோதா கம்பெனி ஆண்டுதோறும் 10 லட்சம் டாலரைத் திறமூலத் திட்டங்களுக்கு அளிப்பதாக 2024-ல் அறிவித்தது. ஒரு பங்குத் தரகுக் கம்பெனிக்குத் தோன்றியது நமது மென்பொருள் முதலாளிகள் எல்லாருக்கும் தோன்றவேண்டாமா?

இந்திய சர்க்கார் 2015-ம் ஆண்டில் வெளியிட்ட கொள்கையின்படி, சர்க்கார் காரியங்களுக்குத் திறமூல மென்பொருளையே முதன்மையாகக் கருதவேண்டும். விலக்கினால் காரணம் காட்டவேண்டும். நல்ல கொள்கை. ஆனால் எடுத்துக்கொள்வதில் காட்டும் ஊக்கம் கொடுப்பதிலும் வேண்டும். டெண்டர் கோரும்போதே, எந்தெந்தத் திறமூல நிரல்களை ஆதாரமாகக் கொண்டீர், அவற்றின் பராமரிப்புக்கு இவ்விலையிலிருந்து எவ்வளவு செல்கிறது, ஒப்பந்தம் முடிந்தபின் எங்கள் விவரங்களை எடுத்துக்கொண்டு வேறொருவரிடம் செல்ல என்ன வழி என்று மூன்று கேள்விகளைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. குறைந்த தொகை எழுதியவனுக்கே வேலை என்னும் வழக்கம், மூலத்துக்கு ஒன்றும் கொடாதவனுக்குப் பரிசளிக்கும் வழக்கமாகவே முடியும்.

சர்க்காரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. கூட்டுறவுச் சங்கம், தொழிற்சங்கம், பள்ளிக்கூடம், பத்திரிகை முதலிய எந்த ஸ்தாபனத்துக்கு மென்பொருள் வாங்கினாலும் நம்மவர் இக்கேள்விகளைக் கேட்டே வாங்கவேண்டும். கூலிக்கு முகஞ்சுளியாமல் கொடுப்போம். வேலிக்கு ஒரு காசும் கொடோம். காசின்றி எடுத்துக்கொள்ளும்போதும், பணமாகவோ, பிழை திருத்தும் உழைப்பாகவோ, நம் மொழியில் அதைப் பெயர்த்தளிக்கும் பணியாகவோ நம் பங்கு மண்ணைக் கரையில் போடுவோம். எழுபதாண்டுகளுக்கு மேலாகச் சுதந்திரம் பெற்றிருக்கும் ஒரு தேசத்தார், பிறர் கட்டிய கரையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு சும்மா இருப்பது நமது கௌரவத்துக்கு ஏற்றதன்று.